தள்ளுபடியில் புது கார்: ஆன்லைனில் பணம் கட்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஷோரூமில் கேட்ட விலையைவிடப் பத்துப் பதினைந்து சதவீதம் குறைவாக ஆன்லைனில் ஒரு புது கார் கண்ணில் பட்டால், "இது உண்மையா?" என்றுதான் முதலில் தோன்றும். அதைவிட உதவக்கூடிய கேள்வி, "ஏன் குறைத்துக் கொடுக்கிறார்கள்?" நேர்மையான தள்ளுபடி ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். நெடுநாள் விற்காமல் நின்ற வண்டியாக இருக்கலாம். சீக்கிரமே புது வடிவம் வரப்போகும் மாடலாக இருக்கலாம். விற்பனை இலக்கை எட்டுவதற்காக டீலர் தன் பெயரிலேயே பதிவு செய்து வைத்த வண்டியாகவும் இருக்கலாம். இதில் எதுவும் மோசடி இல்லை. காரணம் தெரிந்துவிட்டால், அதற்கு இந்தத் தள்ளுபடி போதுமா என்று நீங்களே கணக்குப் போடலாம். காரணத்தைக் கேட்காமல் வாங்குவதுதான் பெரிய தவறு. மற்ற தவறுகளில் பாதி அதிலிருந்தே வருகின்றன.

வண்டியின் வயதைப் பார்க்காமல் விடுவது

ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத கார், தொழிற்சாலையிலிருந்து வந்து ஒரு வருடத்துக்கும் மேல் திறந்தவெளியில் நின்றிருக்கலாம். எனவே எந்த மாதம், எந்த வருடம் தயாரானது என்பதை எழுத்தில் வாங்குங்கள். கூடவே 17 எழுத்துகளும் எண்களும் கொண்ட சேஸிஸ் நம்பரையும் கேளுங்கள். பல நிறுவனங்கள் அதன் பத்தாவது இடத்தில் மாடல் வருடத்தைக் குறிக்கின்றன. எல்லா நாட்டு வண்டிகளிலும் அப்படி இருக்காது. அதோடு மாடல் வருடமும் தயாரித்த வருடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே அதை மட்டும் நம்பாமல், அந்த நம்பரைக் கொண்டு தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையிலோ அங்கீகரிக்கப்பட்ட டீலரிடமோ விசாரிப்பது நல்லது.

டயரும் ஒரு சாட்சி. பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். 0924 என்றிருந்தால் 2024-இன் ஒன்பதாவது வாரம். கார் தயாரான தேதிக்குச் சில வாரங்கள் முந்தைய டயர் என்றால் அது இயல்பு. காரைவிட டயர் புதியதாக இருந்தால், ஏன் மாற்றினார்கள் என்று கேட்டே ஆக வேண்டும்.

நின்ற வண்டியில் 12 வோல்ட் பேட்டரி பலவீனமாகும், பிரேக் டிஸ்க்கில் துரு ஏறும், ஒரே இடத்தில் எடை தாங்கிய டயர் தட்டையாகும். மின்சார காரில் பெரிய பேட்டரியை முழு சார்ஜிலோ கிட்டத்தட்ட காலியாகவோ மாதக்கணக்கில் விட்டிருந்தால் அதன் ஆயுளும் குறையும். இதற்காக அந்த வண்டியே வேண்டாம் என்று ஒதுக்கத் தேவையில்லை. "பேட்டரியைச் சோதித்து, தேவைப்பட்டால் மாற்றித் தருவோம்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்கினால் போதும். பழைய இருப்பு என்பதால் பேரம் பேசும் இடத்தில் இருப்பவர் நீங்கள்தான்.

டீலர் தன் பெயரில் பதிவு செய்த வண்டி என்றால் ஆவணப்படி நீங்கள் இரண்டாவது உரிமையாளர். வாரண்டி பெரும்பாலும் முதல் பதிவுத் தேதியிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். மூன்று வருட வாரண்டியில் எட்டு மாதம் ஏற்கெனவே கழிந்திருக்கலாம். நாளை விற்கும்போது அந்தக் கூடுதல் பெயர் விலையைக் குறைக்கும். கடன் தருபவர் இதைப் புது காராகக் கருதுவாரா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

சதவீதத்தைப் பார்த்து மயங்குவது

20% தள்ளுபடி என்றால், எதிலிருந்து 20%? பட்டியல் விலையோடு பலருக்குத் தேவைப்படாத கூடுதல் உபகரணங்களின் விலையையும் சேர்த்து, அந்தத் தொகையிலிருந்து கழித்துக் காட்டுவது வழக்கமான உத்தி. இன்னொன்று, எல்லாச் சலுகைகளையும் ஒன்றாகக் கூட்டிக் காட்டுவது: பழைய காரைக் கொடுத்தால் ஒரு சலுகை, அதே நிறுவனத்தின் கார் ஏற்கெனவே வைத்திருந்தால் ஒன்று, அவர்களிடமே கடன் வாங்கினால் ஒன்று. இத்தனைக்கும் தகுதியுள்ள ஒருவர் அபூர்வம். கொட்டை எழுத்தில் இருக்கும் விலை அவருக்கானது, உங்களுக்கானது அல்ல.

அதனால் சதவீதத்தை ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு தொகையைக் கேளுங்கள். வரி, பதிவு, வண்டியைக் கொண்டுவந்து சேர்க்கும் செலவு, ஆவணக் கட்டணம் எல்லாம் சேர்த்து, கார் என் கைக்கு வர மொத்தம் எவ்வளவு? அதே தொகையை அருகிலுள்ள டீலரிடமும் எழுதி வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆன்லைன் விலையைக் காட்டினால் உள்ளூர் டீலரே இறங்கி வருவதும் உண்டு.

கடனில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். "வெறும் 6% வட்டி" என்கிறார்கள். அது முழுக் கடன் மீதும் கடைசி வரை ஒரே மாதிரி போடும் வட்டியா, குறைந்துகொண்டே வரும் பாக்கிக்கு மட்டும் போடும் வட்டியா? முதல் வகை என்றால், ஐந்து வருடத் தவணையில் அந்த 6% உண்மையில் 11 சதவீதத்துக்குச் சற்றுதான் குறைவு. நீங்கள் மாதாமாதம் அசலை அடைத்துக்கொண்டே வருகிறீர்கள், வட்டியோ முழு அசலுக்கும் வாங்கப்படுகிறது. வட்டியில்லாக் கடன் என்றாலும், ரொக்கமாகக் கட்டுபவருக்கு என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். அங்கே பெரிய தள்ளுபடி இருந்து உங்களுக்கு அது இல்லையென்றால், வட்டி அந்த வித்தியாசத்துக்குள்தான் இருக்கிறது. மாதத்தவணை வழக்கத்தைவிடக் குறைவாகத் தெரிந்தால், கடைசியில் ஒரே தடவையாகக் கட்ட வேண்டிய பெரிய தொகை ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள்.

படத்தில் உள்ள காரை வாங்குவதாக நினைப்பது

படத்தில் இருப்பது பெரும்பாலும் அந்த மாடலின் உச்ச வகை. விலை போட்டிருப்பது அடிப்படை வகைக்கு. மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் ஏர்பேக் எண்ணிக்கையும் தானியங்கி பிரேக் போன்ற பாதுகாப்பு வசதிகளும் வகைக்கு வகை, நாட்டுக்கு நாடு மாறும். வேறொரு சந்தைக்காகத் தயாரான வண்டி தள்ளுபடியில் வருகிறது என்றால் இன்னும் கவனம் தேவை. உங்கள் ஊரில் வாரண்டி செல்லுமா, உதிரிபாகம் கிடைக்குமா? மின்சார கார் என்றால் சார்ஜிங் சாக்கெட் பொருந்துமா? வட அமெரிக்காவுக்கான சிசிஎஸ்1 சாக்கெட்டில் ஐரோப்பாவின் சிசிஎஸ்2 பிளக் நுழையாது. உபகரணப் பட்டியல் முழுவதும் ஒப்பந்தத்தின் பகுதியாக இருக்கட்டும். விளம்பரப் பக்கத்தை அவர்கள் நாளைக்கே மாற்றிவிடலாம் என்பதால் அதையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் வாங்குகிறோம் என்று தெரியாமல் பணம் அனுப்புவது

பல தளங்கள் கார் விற்பதே இல்லை. உங்கள் விவரத்தை ஒரு டீலருக்கு அனுப்பி, அதற்குத் தரகு வாங்குகின்றன. பிரச்சினை வந்தால் பொறுப்பு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் விற்பவர் என்று எழுதியிருக்கும் பெயர்தான் முடிவு செய்யும். டெலிவரி தாமதமானால் என்ன, இடையில் விலை ஏறினால் யார் ஏற்பது, ரத்து செய்தால் முன்பணம் திரும்ப வருமா என்ற மூன்றுக்கும் அதில் பதில் இருக்க வேண்டும். இணையத்தில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை எல்லாருக்கும் பொது என்று நினைத்துவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் தொலைவிலிருந்து செய்யும் ஒப்பந்தத்துக்கு 14 நாள் அவகாசம் உண்டு. ஆனால் உங்கள் விருப்பப்படி தனியாகத் தயாரிக்கும் பொருளுக்கு அங்கேயும் விதிவிலக்கு இருக்கிறது. பல இடங்களில் இந்த உரிமையே கிடையாது.

அப்புறம், அசல் மோசடி. உண்மையான டீலரின் பெயர், முகவரி, பதிவு எண் எல்லாவற்றையும் நகலெடுத்துப் போலித் தளம் தொடங்குகிறார்கள். அந்தத் தளத்தில் இருக்கும் எண்ணுக்கே போன் செய்து சரிபார்த்தால், எடுப்பதும் அவர்கள்தான். கார் நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ டீலர் பட்டியலில் உள்ள எண்ணை எடுத்து அழைத்து, "இந்த சேஸிஸ் நம்பர் வண்டி உங்களிடம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். வீடியோ அழைப்பில் அந்த நம்பர் பொறித்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். தனிநபர் கணக்குக்கோ கிரிப்டோவிலோ பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கார் வரும்வரை பணத்தை நடுவில் வைத்திருக்கும் என்று அவர்களே கைகாட்டும் "பாதுகாப்பான இடைநிலை நிறுவனம்" பல நேரம் அவர்களுடையதே. இன்னும் பத்து நிமிடத்தில் சலுகை முடிகிறது என்று ஓடும் கடிகாரத்தைப் பொருட்படுத்தாதீர்கள். சரிபார்க்க ஒரு நாள்கூடத் தராத சலுகையை விட்டுவிடலாம்.

டெலிவரியில் அவசரப்படுவது

வண்டியைப் பகல் வெளிச்சத்தில், கழுவித் துடைத்த நிலையில் பாருங்கள். ஈரம் கீறலை மறைக்கும். சேஸிஸ் நம்பர் இன்வாய்ஸோடு பொருந்துகிறதா, இரண்டு சாவியும் இருக்கின்றனவா, ஓடோமீட்டர் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். தொலைவிலிருந்து ஓட்டியே கொண்டுவந்திருந்தால் கிலோமீட்டர் கூடும், அதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். கொண்டுவரும் வழியில் அடிபட்டு மறுபடி பெயின்ட் அடித்த வண்டியும் புதிதாகவே கைக்கு வரும். பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி உள்ள ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். தொழிற்சாலைப் பூச்சு பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் அளவில் இருக்கும். ஒரு கதவில் மட்டும் அதன் இரண்டு மடங்கு காட்டினால் விளக்கம் கேட்க வேண்டும். குறை எதுவானாலும் பெற்றுக்கொண்டதற்கான தாளிலேயே எழுதி, கொண்டுவந்தவரின் கையெழுத்தையும் வாங்கிய பிறகு நீங்கள் கையெழுத்துப் போடுங்கள்.