வருவாய்த் தணிக்கைக்குப் புதிதாக வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாநில ஜி.எஸ்.டி அலுவலகங்களுக்குத் தணிக்கைக்கு வரும் புதிய பிள்ளைகளைக் கவனித்து வருகிறேன். ஆள்தான் மாறுகிறது, தவறு அதேதான். கூட்டல் பிழை, வரி விகிதம் மாறிப்போவது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை, அவை சில மாதங்களில் தானாகச் சரியாகிவிடும்.

காலக்கெடுவைப் பார்க்காமல் ஆட்சேபணை எழுதுவது

மற்றதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், இதை மட்டும் முடியவில்லை. மோசடி இல்லாத வழக்கில் ஜி.எஸ்.டி சட்டத்தின் 73ஆம் பிரிவின்படி வரி கேட்டு ஆணை போட, அந்த ஆண்டின் ஆண்டறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 3 வருடம்தான் உண்டு. நோட்டீஸ் அதற்கும் 3 மாதம் முன்பே போயிருக்க வேண்டும். 2021-22ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: ஆண்டறிக்கைக்குக் கடைசி நாள் 31.12.2022, ஆணைக்கு 31.12.2025, ஆக செப்டம்பர் 2025 முடிவதற்குள் நோட்டீஸ் கைக்குப் போயிருக்க வேண்டும்.

ஓர் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வரிக்குரிய சரக்கும் விலக்குப் பெற்ற சரக்கும் சேர்த்து விற்கும் ஒரு மொத்த வியாபாரி, பொதுச் செலவுகளின் உள்ளீட்டு வரி வரவில் (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) விலக்குச் சரக்கின் விகிதப்படி திருப்ப வேண்டியதைத் திருப்பவே இல்லை. கெடு முடியச் சில வாரங்களே இருந்தபோது ஒரு பையன் அதைக் கண்டுபிடித்தான். கணக்கு அவ்வளவு சுத்தம். ஆனால் ஆட்சேபணையை எழுதி அலுவலகத்துக்குக் கொடுக்கும் தாளான ஹாஃப் மார்ஜினின் கடைசி வாக்கியம் 'விவரம் தெரிவிக்கவும்' என்று முடிந்தது, தேதி எதுவும் இல்லை. 'ஏ.எஸ்.எம்.டி-10 அனுப்பியுள்ளோம்' என்று பதில் வந்ததும், நடவடிக்கை எடுக்கப்பட்டுவிட்டது என்று குறித்துக்கொண்டு குழு கிளம்பிவிட்டது.

ஏ.எஸ்.எம்.டி-10 என்பது 61ஆம் பிரிவின்படி ரிட்டர்னில் உள்ள முரண்பாட்டுக்கு விளக்கம் கேட்கும் கடிதம் மட்டுமே. அதனால் கெடு ஒரு நாள்கூடத் தள்ளிப்போகாது. 'ஏன் வரி கேட்கக் கூடாது' என்று காரணம் கேட்கும் நோட்டீஸ், அதாவது டி.ஆர்.சி-01 போனால்தான் வழக்கு உயிரோடு இருக்கும். அது போகவில்லை. கெடுவுக்குள் ஆணை வராவிட்டால் நடவடிக்கை முடிந்ததாகவே கருதப்படும் என்று அதே சட்டத்தின் 75(10) சொல்கிறது. ரூபாய் சுத்தமாகக் கணக்குப் போட்ட வரி, கஜானாவுக்கு வராமலே போனது. கெடு அதிகமுள்ள 74ஆம் பிரிவுக்குக் கொண்டுபோகலாமே என்று கேட்பார்கள். அதற்கு மோசடியோ வேண்டுமென்றே மறைத்ததோ இருந்தாக வேண்டும், நமக்கு நாள் போதவில்லை என்பதற்காக அதை உண்டாக்க முடியாது.

அதனால் ஒவ்வொரு ஆட்சேபணையின் தலைப்பிலும் நிதியாண்டு, நோட்டீஸுக்குக் கடைசி நாள், ஆணைக்குக் கடைசி நாள் மூன்றையும் எழுதுங்கள். கோப்புகளைப் பழைய ஆண்டிலிருந்து எடுங்கள், தொகை பெரியது என்று புதியதில் ஆரம்பிக்காதீர்கள். நாள் நெருங்கிவிட்டால் பதிலுக்குக் காத்திருக்காமல் வட்ட ஜி.எஸ்.டி அலுவலரை நேரில் பாருங்கள், அவருடைய மேலதிகாரிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். டி.ஆர்.சி-01 எண்ணைக் கண்ணால் பார்க்காமல் பாராவை (தணிக்கை ஆட்சேபணைப் பத்தியை) முடிக்கவே கூடாது. அப்புறம், 2024-25 நிதியாண்டு முதல் 73க்கும் 74க்கும் பதிலாக 74ஏ பிரிவு வந்துவிட்டது: ஆண்டறிக்கையின் கடைசி நாளிலிருந்து நோட்டீஸுக்கு 42 மாதம், நோட்டீஸிலிருந்து ஆணைக்கு 12 மாதம். அந்த ஆண்டுகளுக்குப் பழைய மனக்கணக்கு உதவாது.

வித்தியாசத்தையே இழப்பு என்று எழுதுவது

வியாபாரி தாக்கல் செய்யும் ரிட்டர்னான 3பியில் எடுத்த வரவு, விற்றவர்கள் காட்டிய பில்களிலிருந்து தானாக உருவாகும் 2பி பட்டியலில் இருப்பதைவிட அதிகம் என்றதும் பாரா தயாராகிவிடுகிறது. பதிவில்லாதவரிடம் வாங்கி எதிர்முறையில் (விற்றவருக்குப் பதில் வாங்கியவரே) கட்டிய வரி 2பியில் வராது. முந்தைய ஆண்டு பில்லுக்கு அடுத்த ஆண்டு நவம்பர் 30 வரை வரவு எடுக்கலாம். இவற்றைக் கழித்த பிறகும் மிச்சம் இருந்தால் எழுதுங்கள்.

வட்டியை விட்டுவிடுவது

விடாதீர்கள்.

கோப்பில் இருப்பதை மட்டும் பார்ப்பது

வருவாயை மதிப்பிடவும் வசூலிக்கவும் உள்ள விதிகளும் நடைமுறைகளும் பயன் தரும்படி இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்கிறது தலைமைத் தணிக்கையாளருக்கான (சி.ஏ.ஜி) 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. மதிப்பீட்டுக்கே வராதவர்களும் அதில் அடக்கம். குவாரி உரிமம் பெற்றவர்களின் பட்டியல் மாவட்டக் கனிமவளத் துறையிடம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கி ஜி.எஸ்.டி பதிவோடு ஒப்பிட ஒரு நாள் போதும். ஆனாலும் பலர் வட்ட அலுவலகத்து அலமாரியைத் தாண்டிப் போவதே இல்லை. குவாரியிலிருந்து லாரி கிளம்பும்போது தரும் நடைச்சீட்டில் காட்டிய லோடுக்கும் ரிட்டர்னில் காட்டிய விற்பனைக்கும் உள்ள இடைவெளியை அந்த அலமாரியில் தேடினால் கிடைக்காது.