திருச்சி விமானம் 'பாத்தால்' ஆனால்: சுங்கை சிப்புட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஊருக்குப் போக டிக்கெட் போட்டாயிற்று, மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) லீவும் சொல்லியாயிற்று. இருட்டோடு சுங்கை சிப்புட்டில் கிளம்பி, ஈப்போவில் பஸ் மாறி, கேஎல்ஐஏ (கோலாலம்பூர் விமான நிலையம்) போய்ச் சேர்ந்தால் விமானம் ரத்து என்கிறார்கள். மலாயில் பாத்தால் என்றால் ரத்து, லேவாட் என்றால் தாமதம். அறிவிப்பில் இந்த இரண்டில் எந்தச் சொல் காதில் விழுந்தாலும் உடனே எழுந்து கவுண்டருக்குப் போங்கள்.

ரத்து என்றால் அங்கே உங்களுக்கு இரண்டு வழி உண்டு: வேறு விமானத்தில் இடம், அல்லது முழுப் பணம். எது வேண்டும் என்று முடிவு செய்வது நீங்கள், கவுண்டரில் இருப்பவர் அல்ல. 2016ஆம் ஆண்டின் மலேசிய விமானப் பயணிகள் பாதுகாப்பு விதித்தொகுப்பு இதைச் சொல்கிறது. பணம் கேட்டால் 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். 2024 செப்டம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, எந்த வழியாகப் பணம் கட்டினீர்களோ அதே வழியாகத்தான் திரும்ப வர வேண்டும். பணத்துக்குப் பதிலாக வவுச்சர் (அடுத்த பயணத்துக்கான சீட்டு) வேண்டுமா என்று அவர்கள் கேட்கலாம். வாங்கியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது.

தாமதம் என்றால் கணக்கு வேறு. 2 மணி நேரம் தாண்டினால் சாப்பாடு, போன் பேச வசதி, இணைய வசதி. 5 மணி நேரம் தாண்டினால் பயணமே வேண்டாம் என்று முழுப் பணத்தையும் கேட்கலாம். காத்திருக்கிறேன் என்றால், இரவு தங்க நேர்ந்தால் ஹோட்டலும் போய்வர வண்டியும் அவர்கள் பொறுப்பு. ஐரோப்பாவில் இருப்பதுபோல 250, 600 யூரோ என்று தனியாக நஷ்டஈடு இங்கே கிடையாது. ஊரில் யாராவது அப்படிச் சொன்னால் நம்பி நிற்காதீர்கள்.

இதெல்லாம் சட்டம். நம் ஊரில் ஆள் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில்: டிக்கெட் ஏஜென்ட்.

நான் வந்த இரண்டாம் வருஷம், தங்கச்சி கல்யாணத்துக்குக் கிளம்பினேன். டவுனில் ஒரு கடையில் ரொக்கமாக வெள்ளியை எண்ணிக் கொடுத்து டிக்கெட் வாங்கியிருந்தேன். (ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்றுதான் சொல்வோம்.) விமானம் ரத்து என்ற செய்தி முந்தின நாள் சாயங்காலமே வந்துவிட்டது, ஆனால் ஏஜென்ட் போனுக்கு. அவர் கடையை அடைத்துவிட்டு சித்தியவானில் சொந்தக்காரர் வீட்டில் இருந்தார். நான் ஏர்போர்ட்டில் நிற்கிறேன். கவுண்டரில் ஒரு தாளை நீட்டி, 'அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்' என்றார்கள். நானும் தலையாட்டி வாங்கிக்கொண்டேன். ஆறு மாதத்தில் அது செல்லாக்காசு. கல்யாணத்தை போட்டோவில்தான் பார்த்தேன்.

அதனால் ஏஜென்டிடம் எடுங்கள், தப்பில்லை. நமக்குக் கார்டு இல்லை, அவருக்கு இருக்கிறது. ஆனால் டிக்கெட் போடும்போது பக்கத்திலேயே நின்று உங்கள் போன் நம்பரையும் மின்னஞ்சலையும் போடச் சொல்லுங்கள். 'எல்லாம் நான் பார்த்துக்கிறேன் தம்பி' என்பார். 'பரவாயில்லண்ணே, என்னோடதையும் போடுங்க' என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். அப்புறம், கொடுத்த தொகைக்கு ரசீது கேளுங்கள். விமானம் ரத்தானால், அவர் கார்டில் கட்டிய பணம் அவர் கார்டுக்குத்தான் போகும். ரசீது இல்லாமல் அதைத் திரும்ப வாங்க மாதக்கணக்கில் நடக்க வேண்டியிருக்கும்.

திருச்சியிலோ சென்னையிலோ இருந்து திரும்பும்போதும் இதே கதைதான். இந்திய விமான நிறுவனம் சரியான முன்னறிவிப்பு இல்லாமல் ரத்து செய்தால், 2 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு 10,000 ரூபாய், அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அதைத் தர வேண்டும் என்று அங்குள்ள விதி சொல்கிறது. புயல், கலவரம்போல அவர்கள் கையில் இல்லாத காரணம் என்றால் கிடையாது. டிக்கெட்டில் உங்களைத் தொடர்புகொள்ளச் சரியான விவரம் கொடுக்கவில்லை என்றாலும் கிடையாது. பார்த்தீர்களா, மறுபடியும் அந்த போன் நம்பர்.

இன்னொன்று, காசைவிடப் பெரியது. உங்கள் பாஸ் அல்லது பெர்மிட் (இங்கே தங்கும் அனுமதி) முடியும் நாளிலேயே டிக்கெட் போடாதீர்கள். விமானம் ரத்தாகி நாள் தாண்டினால், அனுமதி இல்லாமல் தங்கிய குற்றம் உங்கள் தலையில் விழும். ரத்து என்று தெரிந்ததுமே விமான நிறுவனத்திடம் ரத்துக் கடிதம் எழுத்தில் வாங்கிக்கொண்டு, பாஸ் முடிவதற்குள் கடப்பிதழோடு (பாஸ்போர்ட்டோடு) இமிகிரேசனுக்குப் போங்கள். முதலாளிக்கும் உடனே சொல்லுங்கள். ஒரு வாரமாவது இடைவெளி விட்டு டிக்கெட் போடுவது நல்லது.

ஈப்போ பஸ் டிக்கெட்டுக்கு விமானக்காரர்கள் பொறுப்பில்லை. சென்னையிலிருந்து மதுரைக்குத் தனியாக எடுத்த இன்னொரு டிக்கெட்டுக்கும் அப்படித்தான். முடிந்தால் ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள்.

புகார் கொடுக்க முதலில் விமான நிறுவனத்துக்கே எழுத வேண்டும். பதிலுக்கு 30 நாள். வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ, மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் இணையத்தில் புகார் கொடுக்கலாம். முன்பு இந்தப் புகார்களைப் பார்த்த மாவ்காம் என்ற அரசு அமைப்பு 2025 ஆகஸ்டில் அந்த ஆணையத்தோடு சேர்ந்துவிட்டது. பழைய ஆட்கள் இன்னும் மாவ்காம் என்றுதான் சொல்வார்கள். போர்டிங் பாஸ், ரசீது, ரத்துச் செய்தி, கவுண்டரில் கொடுத்த தாள் எல்லாவற்றையும் அங்கேயே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியவில்லை என்றால் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் தெரிந்த ஆசிரியர் யாரையாவது கேளுங்கள், மலாயில் பத்து வரி எழுதிக் கொடுப்பார்.