உளவியல் பாடநூல்கள்: எல்லாவற்றையும் ஒரே மாதிரி படிக்கலாமா?

படிப்பை முடித்துவிட்டுப் போன சீனியர் ஒருவர் மனநலக் கோளாறுகளைப் பற்றிய பிறழ்நிலை உளவியல் பாடநூலை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். முக்கியமான வரிகளுக்கு அடிக்கோடு, ஓரமெல்லாம் குறிப்பு. பாதி வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். நோயாளியை ஐந்து கோணங்களில் மதிப்பிட்டுக் கோளாறைக் கண்டறியும் ‘ஐந்து அச்சு’ முறையை ஒரு வாரம் உட்கார்ந்து மனப்பாடம் செய்து, வகுப்பில் கடகடவென்று ஒப்பித்தேன். பேராசிரியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது எந்த வருஷத்துப் புத்தகம்ப்பா?” என்றார்.

அந்த முறையை 1980இல் கொண்டுவந்தது அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தி வெளியிடும் டிஎஸ்எம் கையேடு. 2013இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு அதைக் கைவிட்டது. போனது அது மட்டுமல்ல. ஆஸ்பெர்கர் என்ற தனிப் பெயர் ஆட்டிசம் என்ற பரந்த வகைக்குள் சேர்ந்தது. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயின் உட்பிரிவுகள் நீக்கப்பட்டன. எண்ணச் சுழற்சிக் கோளாறான ஓசிடி, பதற்றக் கோளாறுகளின் அத்தியாயத்திலிருந்து வெளியேறித் தனி அத்தியாயம் ஆனது. 2022இல் இன்னொரு திருத்தமும் வந்தது. நீடித்த துயரக் கோளாறு பட்டியலில் சேர்ந்தது. ஆகவே இந்தக் கிளையில் பழைய புத்தகம் கையில் கிடைத்தால், முதலில் பின்பக்கம் உள்ள சொல்லடைவைத் திறந்து ஆஸ்பெர்கரைத் தேடுங்கள். நடப்பு நோய்களில் ஒன்றாக அது தனித்து நின்றால், அந்தப் புத்தகம் 2013க்கு முந்தைய உலகத்தில் இருக்கிறது.

இதைக் கேட்டுவிட்டு எல்லாப் பாடத்துக்கும் புதுப் பதிப்பு வாங்கக் கிளம்புவது அடுத்த தவறு. எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கத்தைக் கணக்கிடும் முறை மாறிவிடவில்லை. வுண்ட் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1879இல் லைப்சிக்கில் உளவியல் ஆய்வகம் தொடங்கிய செய்தியும் அப்படியேதான் இருக்கிறது. அடிப்படைப் புள்ளியியலுக்கும் உளவியல் வரலாற்றுக்கும் இரண்டு மூன்று பதிப்பு பின்தங்கிய புத்தகம் தாராளமாகப் போதும்.

சமூக உளவியல் வேறு மாதிரி ஆபத்து. படிக்க இவ்வளவு சுவையான பாடநூல் வேறு கிளையில் இல்லை. வில்லங்கமே அந்தச் சுவையில்தான். 1964இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் கொல்லப்பட்டார். 38 பேர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தும் யாரும் உதவவில்லை என்று அன்றைய நாளிதழ் எழுதியது. பல பாடநூல்களில் ‘வேடிக்கை பார்ப்போர் விளைவு’ அத்தியாயம் இந்தக் கதையோடுதான் தொடங்கும். 38 பேர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு ஆதாரமே இல்லை என்று 2007இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை எடுத்துக் காட்டியது. சரி, அப்படியானால் அந்த அத்தியாயமே பொய்யா? இல்லை. அந்தச் செய்தியால் தூண்டப்பட்டு உளவியலாளர்கள் டார்லியும் லதானேயும் 1968இல் வெளியிட்ட சோதனைகள் தனியாக நிற்கின்றன. பக்கத்தில் வேறு ஆட்களும் இருக்கிறார்கள் என்று நினைத்தவர்கள் உதவிக்குப் போகத் தாமதித்ததை அவர்கள் ஆய்வகத்தில் அளந்தார்கள். கதை வேறு, சோதனை வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால், கதை உடையும் நாளில் சோதனையையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுவோம்.

மில்கிராமின் கீழ்ப்படிதல் சோதனையிலும் இதே கதைதான். இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடு என்று ஆய்வாளர் கட்டளையிட்டால் மக்கள் எதுவரை கீழ்ப்படிவார்கள் என்று பார்த்த சோதனை அது; அதிர்ச்சி நிஜமல்ல, ஆனால் அது அவர்களுக்குத் தெரியாது. ‘65 விழுக்காட்டினர் 450 வோல்ட் வரை போனார்கள்’ என்ற ஒரே வரியைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். 40 பேரில் 26 பேர், அதுவும் ஒரு வடிவத்தில். அவர் இருபதுக்கு மேற்பட்ட வடிவங்களைச் செய்து பார்த்தார். கட்டளையிடுபவர் அறையை விட்டு வெளியேறித் தொலைபேசியில் பேசியபோது, கடைசிவரை போனவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். தேர்வுக்கு 65 போதும். ஆனால் கீழ்ப்படிதல் எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்று தெரிய வேண்டுமானால் அந்த மற்ற எண்களைத்தான் பார்க்க வேண்டும்.

இங்கே இன்னொரு செய்தியையும் மனதில் வைத்துக்கொள்ளலாம். நூறு உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்துபார்த்த பெரிய முயற்சியின் முடிவு 2015இல் வந்தது. அவற்றில் 36 விழுக்காடுதான் மறுபடியும் புள்ளியியல் முக்கியத்துவமுள்ள, அதாவது வெறும் தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத, முடிவைத் தந்தது. நினைவு, கவனம் போன்றவற்றை ஆராயும் அறிதல் உளவியல் ஆய்வுகளில் பாதி தேறியது. சமூக உளவியலில் கால்வாசிதான். அதற்கு முன்பு அச்சான சமூக உளவியல் பாடநூலைப் படிப்பவர்கள், ஒவ்வொரு பெரிய ஆய்வுக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தால் நல்லது. பின்னால் தேடிப் பார்த்து அழித்துக்கொள்ளலாம்.

வளர்ச்சி உளவியலில் நம்மை ஏமாற்றுவது வயது அட்டவணை. மறைத்து வைத்த பொருள் இன்னும் இருக்கிறது என்று குழந்தைக்கு எட்டு மாதம் வாக்கில்தான் புரியும் என்றார் குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த பியாஜே. அவர் கவனித்தது, குழந்தை கையை நீட்டித் தேடுகிறதா என்பதை. 1980களில் பய்யர்ஜான் என்ற உளவியலாளரின் குழுவினர் குழந்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்க்கிறது என்று அளந்தபோது, நாலைந்து மாதக் குழந்தையிடமே அதன் அறிகுறி தெரிந்தது. வயதை மட்டும் மனப்பாடம் செய்து, அளந்த விதத்தை விட்டுவிட்டால் இந்த இரண்டும் முரணாகத்தான் தோன்றும்.

அப்புறம், சொற்கள். எல்லாக் கிளையிலும் காலை வாரிவிடுபவை இவைதான், ஏனென்றால் அன்றாடப் பேச்சில் இருக்கும் சொற்களே கலைச்சொற்களாகவும் வருகின்றன. ‘எதிர்மறை வலுவூட்டல்’ என்றதும் தண்டனை என்று எழுதாத மாணவரை நான் அதிகம் பார்த்ததில்லை. காரில் ஏறியதும் பீப் பீப் என்று கத்துகிறது. பெல்ட்டை மாட்டினால் நிற்கிறது. அதனால் அடுத்த முறை சீக்கிரமே மாட்டுகிறீர்கள். தொல்லை ஒன்று விலகியதால் ஒரு செயல் கூடுகிறது, அவ்வளவுதான் எதிர்மறை வலுவூட்டல். தண்டனை செயலைக் குறைக்கும். ‘மனச்சிதைவு’ என்ற பெயரும் அப்படித்தான். மனம் சிதைந்து இரண்டு ஆளாகிவிட்டது போல ஒரு படத்தை அது தந்துவிடுகிறது. அந்த நோய்க்கும் இரட்டை ஆளுமைக்கும் சம்பந்தமே இல்லை. சொல்லை வைத்துப் பொருளை ஊகிக்காமல், அத்தியாயத்தில் தரப்பட்ட வரையறைக்கு உங்கள் சொந்த உதாரணம் ஒன்றை எழுதிப் பாருங்கள். உதாரணம் கிடைக்காவிட்டால் புரியவில்லை என்று அர்த்தம்.

உயிரியல் உளவியலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: படத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், புத்தகத்தை மூடிவிட்டு வரையுங்கள். புள்ளியியலுக்கும் அதேதான். பக்கத்தில் பேப்பரும் பேனாவும் இல்லாமல் அந்தப் புத்தகத்தைத் திறப்பது, தண்ணீரில் இறங்காமல் நீச்சல் கற்பது போல.

எனக்கு எப்போதும் சிரிப்பு வரவழைக்கும் தவறு ஒன்று உண்டு. நினைவாற்றல் பற்றிய அத்தியாயத்தை மஞ்சள் ஹைலைட்டரால் வழித்து வைத்திருப்போம். படிக்கும் உத்திகள் பத்தை அலசிய 2013ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, ஹைலைட் செய்வதையும் திரும்பத் திரும்ப வாசிப்பதையும் பயன் குறைந்தவை என்றது. தன்னைத் தானே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுப் படிப்பதும்தான் முன்னணியில் வந்தன. பல பாடநூல்களில் அத்தியாயத்தின் கடைசியில் கேள்விகள் இருக்கும். நேரமில்லை என்று முதலில் தள்ளிவிடுவது அவற்றைத்தான். அத்தியாயத்தைப் படித்து முடித்த மூன்றாம் நாள், புத்தகத்தைப் பார்க்காமல் அவற்றுக்கு விடை எழுதிப் பாருங்கள்.