தொட்டால் கதை மாறும் களிமண் அனிமேஷன்: பார்த்துவிட்டுக் கருத்து சொல்வது எப்படி?

போன மாதம் அஸ்தம்பட்டியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகள் என் கையில் டேப்லெட்டைக் கொடுத்தாள். களிமண்ணில் செய்த ஒரு பஸ் ஏற்காடு மலைப்பாதையில் ஏறுகிறது. நிஜப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், அவள் மூன்றை மட்டும் செய்திருந்தாள். மூன்றாவது வளைவில் ஒரு காட்டெருமை குறுக்கே நிற்கிறது. ஹார்ன் அடிப்பதா, காத்திருப்பதா என்று படம் நம்மைக் கேட்கிறது. எதைத் தொடுகிறோமோ அதன்படி கதை பிரியும்.

"சித்தி, நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிடாதீங்க" என்றாள். "பஸ் இன்னும் வழவழப்பா போகலாம்" என்று சொன்னேன். அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்ய முடியும்? அடுத்த இரண்டு ஞாயிறும் சேர்ந்து உட்கார்ந்து, கருத்து சொல்வதற்கு ஒரு முறையைக் கண்டுபிடித்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: கணக்கு

களிமண் அனிமேஷனை ஸ்டாப் மோஷன் என்ற முறையில் எடுப்பார்கள்: பொம்மையைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு போட்டோ, இன்னும் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு போட்டோ. ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் விநாடிக்கு 12 படம் வைப்பார்கள். 10 விநாடிக் காட்சி என்றால் 120 போட்டோ. "அந்த இடத்தை மறுபடி எடுத்துடு" என்று சொல்ல நமக்கு ஒரு மூச்சு போதும், அவளுக்கு ஒரு சாயங்காலமே போய்விடும். அதனால் ஒவ்வொரு கருத்தையும் அது எத்தனை போட்டோ கேட்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். மற்ற படிகளை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

இரண்டாம் படி: விரலைப் பாருங்கள்

முதல் தடவை எதையும் குறிக்காமல் முழுசாகப் பாருங்கள். அப்புறம் இந்தக் கதையைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். செய்தவர் வாயைத் திறக்கக் கூடாது. "அங்கே தொடுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் சோதனை போச்சு.

நாங்கள் அவளுடைய அப்பாயியிடம் கொடுத்தோம். காட்டெருமை வந்ததும் அவர் விரல் திரைக்கு மேலேயே நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது நின்னு போச்சு கண்ணு" என்று டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்தார். அந்த ஒரு வரியில் கிடைத்ததுபோல் நான் சொன்ன எதிலும் அவளுக்குக் கிடைக்கவில்லை.

மூன்றாம் படி: காத்திருக்கும் இடம்

சாதாரண அனிமேஷனில் இந்தப் பிரச்சினையே கிடையாது. நம் பதிலுக்காகப் படம் காத்திருக்கும்போது திரையில் ஒரே போட்டோ அசையாமல் நிற்கிறது. அதுவரை உயிரோடு இருந்த களிமண் சட்டென்று வெறும் களிமண் ஆகிவிடுகிறது. பார்ப்பவருக்கு டேப்லெட் மாட்டிக்கொண்டதாகத்தான் தோன்றும்.

இதைச் சரிசெய்ய எட்டே எட்டு போட்டோ போதும். காட்டெருமை காதை ஆட்டி, மறுபடி பழைய நிலைக்கே வர வேண்டும். முதல் படமும் கடைசிப் படமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அதைச் சுற்றிச் சுற்றி ஓடவிடலாம்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. காது பாதி ஆடும்போது ஒருவர் ஹார்னைத் தொட்டால், அடுத்த காட்சி காது நேராக இருக்கும் படத்தில் தொடங்கும். கண்ணுக்கு ஒரு வெட்டு தெரியும். ஆகவே சுற்று முடிந்த பிறகே அடுத்த காட்சிக்குத் தாவும்படி வையுங்கள். எட்டுப் படம் என்பது முக்கால் விநாடிகூட இல்லை. சுற்று இதைவிட நீளமானால் ஆட்கள் பொறுமை இழந்து மறுபடி மறுபடி தட்டுவார்கள். தொட்ட உடனே ஒரு சின்ன ஓசை கேட்கட்டும், தன் தேர்வு போய்ச் சேர்ந்தது என்று தெரிந்துவிடும்.

நான்காம் படி: எது பிழை, எது கைவண்ணம்

மூடுபனிக்கு அவள் பஞ்சு ஒட்டியிருந்தாள். படத்துக்குப் படம் அது லேசாக நெளிகிறது. அக்கா அதைப் பிழை என்றாள். எனக்கு ஏற்காட்டில் நடந்துபோகும் பனியே அப்படித்தான் தெரிந்தது. பஸ் மேல் பதிந்த கைரேகையும் அப்படியே இருக்கட்டும்.

வெளிச்சம் மினுக்குவது மட்டும் நிஜமான பிழை. ஜன்னல் வெயிலில் எடுத்தால் ஒரு மேகம் போனாலும் படத்தில் தெரியும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, ஒரே விளக்கில் எடுக்கச் சொல்லுங்கள். போனில் வெளிச்சம், ஃபோகஸ், நிறம் மூன்றையும் பூட்டிவிட வேண்டும். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில விளக்குகள் விநாடிக்கு 100 தடவை துடிக்கும், ஷட்டரை (ஒரு போட்டோவுக்குக் கேமரா வெளிச்சம் வாங்கும் நேரத்தை) 1/50 விநாடியில் வைத்தால் அந்தத் துடிப்பு படத்தில் வராது. எடுப்பவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தால் அதன் வெளிச்சமும் பொம்மை மேல் விழும். அவள் பள்ளிச் சீருடையோடு எடுத்த காட்சிகள் எவை என்று பார்த்தவுடனே எனக்குத் தெரிந்தது!

ஐந்தாம் படி: இரண்டு வழியிலும் போங்கள்

"காத்திரு" என்பதைத் தொட்டால் இரண்டே விநாடியில் கதை முடிந்துவிட்டது. பொறுமையாக இருந்தவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. அதற்காகக் கிளைகளைப் பெருக்கிக்கொண்டே போகவும் முடியாது: மூன்று இடத்தில் இரண்டிரண்டாகப் பிரித்தால் எட்டு முடிவுகள், எட்டுக்கும் போட்டோ. 1967இல் மொன்றியல் உலகக் கண்காட்சியின் செக்கோஸ்லோவாக்கியா அரங்கில் பார்வையாளர்கள் பொத்தானை அழுத்திக் கதையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு படம் காட்டினார்கள். அதில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டு கிளைகளும் கொஞ்ச தூரம் போய் ஒன்றாகச் சேர்ந்துவிடும். இவளும் அப்படியே செய்யலாம். காத்திருந்தால் காட்டெருமை குட்டியோடு கடந்து போகட்டும், ஹார்ன் அடித்தால் தனியாக ஓடட்டும். அதற்கு அப்புறம் பஸ் போகும் காட்சி இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஆறாம் படி: எழுதிக் கொடுங்கள்

எந்த விநாடி, என்ன தெரிந்தது, எத்தனை போட்டோ. இவ்வளவு போதும். என் "வழவழப்பு" இப்படி மாறியது: "42ஆம் விநாடி. வளைவிலும் பஸ் அதே வேகத்தில் போகிறது, கியர் இறக்கி ஏறும் பாரம் தெரியவில்லை. வளைவில் உள்ள ஒவ்வொரு படத்தையும் இரண்டு தடவை வைத்துப் பார். புதுப் போட்டோ: 0." புதுப் போட்டோ தேவைப்படாதவற்றை முதலில் எழுதுங்கள். முழுசாக மறுபடி எடுக்க வேண்டியது ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

நேற்று அவள் எட்டுப் போட்டோவை எடுத்துச் சேர்த்துவிட்டாள். அப்பாயி இந்தத் தடவை டேப்லெட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. காது ஆடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "காத்திரு" மேல் விரலை வைத்தார்.