ஆய்வுகூடத்திலிருந்து ஆலைக்கு: சுயவிபரக் கோவையில் ஒரு திருத்தம்

திருகோணமலையிலிருந்து சீனக்குடாவின் சீமெந்து, கோதுமை மா ஆலைகளுக்கோ புல்மோட்டைக் கனிய மணல் தொழிலுக்கோ விண்ணப்பிக்கும் விஞ்ஞான ஆய்வாளர்கள், சுயவிபரக் கோவையின் முதற்பக்கத்தை ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியலால் நிரப்பிவிட வேண்டாம். அதை இறுதிப் பக்கத்துக்கு நகர்த்துங்கள். கற்ற முறையை ஆலையின் பொருளோடு இணைத்து எழுதுவதே பயன் தரும்: எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ்-கதிர் ஒளிர்வு) கருவியால் மண்ணின் மூலகங்களை அளந்தவர், சீமெந்தின் கல்சியத்தையும் கனிய மணலிலுள்ள இல்மனைட் என்ற கனியத்தின் தைத்தேனியத்தையும் அதே கருவியால் அளக்க முடியும் என்பதை ஒரே வரியில் சுட்டிக்காட்டலாம். கருவியை அளவுதிருத்தம் செய்த அனுபவத்தையும், நாளொன்றுக்குச் சோதித்த மாதிரிகளின் எண்ணிக்கையையும் தவறாமல் குறிப்பிடுங்கள்; பல்கலைக்கழகத்தில் அரிதாகவே கேட்கப்படும் இந்த விடயம், இடைவிடாது இயங்கும் ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு மிக முக்கியமானது. சோதனைக்கூடங்களின் தகுதிக்கான ஐஎஸ்ஓ 17025 தரநிலையை நேர்முகப் பரீட்சைக்கு முன்னரே வாசித்துவிடுங்கள்.