மண்ணுல ஓட்டுறதுக்கு எதுக்கு ஆர்சி? பெங்களூரில் ஆஃப்-ரோடு ஓட்டுபவர்கள் செய்யும் தவறுகள்

"மண்ணுல ஓட்டுறதுக்கு எதுக்கண்ணா ஆர்சி?" எலக்ட்ரானிக் சிட்டியில் என்னோடு வேலை பார்க்கும் தம்பி போன மாதம் கேட்டான். மண் தடத்தில் ஓட்டவென்றே செய்த டர்ட் பைக் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான். விலை மலிவு, ஆர்சி என்கிற பதிவுச் சான்று உட்படக் காகிதம் எதுவும் கிடையாது. அவனிடம் டீக்கடையில் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

குழப்பம் 'பொது இடம்' என்ற சொல்லில் தொடங்குகிறது. பதிவு செய்யாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு. தார்ச்சாலை என்ற பேச்சே அதில் இல்லை. பொதுமக்கள் போய்வர உரிமையுள்ள எந்த இடமும் பொது இடம்தான், அது முட்டுச்சந்தாக இருந்தாலும் சரி. கனகபுரா பக்கம் ராகி வயல்களுக்கு நடுவே போகும் மாட்டுவண்டித் தடமும் இதில் அடங்கும். பதிவில்லாமல் பிடிபட்டால் மத்தியச் சட்டப்படி முதல் தடவை ₹2,000 முதல் ₹5,000 வரை அபராதம். அடுத்த தடவை ₹10,000 வரை போகும், சிறைக்கும் இடமுண்டு.

சரி, காகிதமில்லாத பைக்கை வாங்கிவிட்டு அப்புறம் பதிவு செய்துகொள்ளலாமே? முடியாது. கவாசாகி கேஎக்ஸ் மாதிரியான மோட்டோகிராஸ் (மண் டிராக் பந்தய) வண்டிகள் சாலைக்கென்று சான்று வாங்காதவை. ஹெட்லைட், இண்டிகேட்டரை நாமே மாட்டினாலும் ஆர்டிஓ ஏற்காது. ஏடிவி எனப்படும், கரடுமுரடான தரையில் ஓடும் நாலு சக்கர வண்டிகளில் பெரும்பாலானவையும் இந்த ரகம்தான். கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "படிவம் 21, படிவம் 22 ரெண்டும் தருவீங்களா?" முதலாவது விற்பனைச் சான்று, இரண்டாவது வண்டி சாலைக்குத் தகுதியானது என்று தயாரிப்பாளர் தரும் சான்று. "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால் வண்டி தனியார் டிராக்குக்கு மட்டும்தான். வீட்டிலிருந்து டிராக் வரை டாடா ஏஸ் மாதிரி சின்ன லாரியில் ஏற்றிப் போக வேண்டும், வாங்கிய பில்லைக் கையில் வைத்திருக்க வேண்டும். ஹீரோ எக்ஸ்பல்ஸ், ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் போன்ற, சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான பைக்குகளில் இந்தத் தலைவலி இல்லை. ஷோரூமிலேயே பதிவோடு வருபவை.

இனி நம்மவர்களின் ஆஸ்தான தவறு, டிஎன் நம்பர். ஓசூரின் டிஎன் 70 வண்டியை எலக்ட்ரானிக் சிட்டியில் தடுக்கி விழுந்தால் பார்க்கலாம். 47-ஆம் பிரிவின்படி வேறு மாநில வண்டி இங்கே கர்நாடகத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால் புதுப் பதிவெண் வாங்க வேண்டும். முப்பது நாள்தான் கெடு என்று இன்னும் பலர் பயமுறுத்துவார்கள். 2014-ல் கர்நாடகம் வரிச் சட்டத்தைத் திருத்தி 30 நாள் என்று கொண்டுவந்தது உண்மை. 2016-ல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆனால் அந்த 12 மாதத்தை நிரூபிக்கும் பாடு நம்முடையது. ஊருக்குப் போய்வந்த டோல் ரசீது, பெட்ரோல் பில், சர்வீஸ் பில் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

மாற்றுவதென்று முடிவெடுத்தால் ஊர் ஆர்டிஓவில் படிவம் 28 கொடுத்து என்ஓசி (தடையில்லாச் சான்று), இங்கே புதுப் பதிவெண்ணுக்குப் படிவம் 27, அப்புறம் லைஃப் டாக்ஸ் எனும் ஆயுள் வரி. தமிழ்நாட்டில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திருப்பிக் கேட்கலாம், பலர் கேட்பதே இல்லை. நான் சறுக்கியது வேறிடத்தில். கடன் முடிந்து மூன்று வருடமாகியும் ஆர்சியில் வங்கிப் பெயர் அப்படியே இருந்தது. அதை நீக்கும் படிவம் 35-க்காக அரை நாள் லீவு போட்டு ஊருக்கு ஓடினேன். என்ஓசிக்குப் போகுமுன் ஆர்சியைப் புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கை உரித்து டர்ட் பைக் ஆக்குவது இந்த ஊரின் தீராத ஆசை. எனக்கும் உண்டு. ஆனால் ஆர்சி 15 வருடத்துக்குத்தான். அதன்பின் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், அப்போது வண்டியை ஆய்வுக்குக் காட்ட வேண்டும். சட்டம் அனுமதிக்காத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ₹5,000 அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் வரலாம். சத்தம் போடும் சைலன்சருக்கு ₹10,000 வரை தனியாக உண்டு. மண்ணில் இறங்குமுன் நம்பர் பிளேட்டைக் கழற்றிப் பையில் வைக்கும் ஆட்களையும் பார்த்திருக்கிறேன். உயர் பாதுகாப்புப் பிளேட்டின் பூட்டு ஒருமுறைதான் மாட்டும். கழற்றினால் உடைந்ததுதான்.

இன்சூரன்ஸில் ஒரு பொறி இருக்கிறது. வழக்கமான பாலிசி பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் செல்லாது. ஆற்றைக் கடக்கும்போது எஞ்சினுக்குள் தண்ணீர் போனால், எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பு இல்லாவிட்டால், செலவு நம் தலையில்.

பையனுக்கு வண்டி கொடுக்கும் அப்பாக்களுக்கு ஒரு வரி: பதினெட்டு நிரம்பாதவன் விதியை மீறிப் பிடிபட்டால் பெற்றோருக்கு ₹25,000 அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும், வண்டியின் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்து.

எல்லாக் காகிதமும் சரியாக இருந்தாலும் போகக் கூடாத இடங்கள் உண்டு. கூகுள் மேப்பில் தடம் தெரிகிறதே என்று பன்னேருகட்டா தேசியப் பூங்காவுக்குள்ளோ முத்தத்தி பக்கம் காவிரி சரணாலயத்துக்குள்ளோ அனுமதியின்றி நுழைந்தால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு. எல்லை தாண்டி அஞ்செட்டி போனாலும் அப்படித்தான், அங்கே காவிரி வடக்கு சரணாலயம். பொதுச் சாலையை விட்டு இறங்காதீர்கள். யானை ஆர்சி கேட்காது என்பது வேறு விஷயம்.

காய்ந்த ஏரிப் படுகையைக் கண்டதும் கை துறுதுறுக்கும். 1894-ல் கட்டிய ஹெசரகட்டா ஏரியும் அதை ஒட்டிய புல்வெளியும் இப்படி டயர் தடங்களால் கீறப்பட்டவை. ஆள்காட்டிக் குருவி மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தரையிலேதான் முட்டையிடும். கூழாங்கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் நின்று பார்த்தாலே சிரமம், ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் எங்கே தெரியும்? கிராமத்தார் 'கோமாளா' என்று சொன்னால் அது மேய்ச்சல் புறம்போக்கு. கேட்காமல் வட்டம் போடாதீர்கள். நின்று, ஹெல்மெட்டைக் கழற்றி, அரைகுறைக் கன்னடத்திலாவது கேட்டால் பெரும்பாலும் வழி சொல்லி மோரும் தருவார்கள்.

ஆசை தீர ஓட்டித் தீர்க்க, டக்கார் ராலி என்ற நெடுந்தூரப் பாலைவனப் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் சி.எஸ். சந்தோஷ் கோலார் மாவட்டத்தில் நடத்தும் பிக் ராக் மாதிரியான பயிற்சித் தளங்கள் இருக்கின்றன. காசு ஆகும். வேலிக்குள் ஓடுவதால் போலீஸ் தொல்லையும் யானைத் தொல்லையும் இல்லை.

தம்பி அந்த பைக்கை வாங்கவில்லை. ஓசூரில் பழைய எக்ஸ்பல்ஸ் ஒன்று பார்த்திருக்கிறானாம், டிஎன் 70. விலை பேசுமுன் ஆர்சியில் வங்கிப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவரச் சொல்லியிருக்கிறேன்.