பழைய எம்எக்ஸ்-5 வாங்கியவருக்கு: ஒரு சொம்புத் தண்ணீரோடு தொடங்குங்கள்

பழைய கார் வாங்கியவர்கள் வழக்கமாக முதலில் பானட்டைத்தான் திறப்பார்கள். கூரை மடங்கும் கார் வாங்கியவர், அதிலும் பிரிட்டனில் ஒரு பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கியவர், அப்படித் தொடங்கக் கூடாது என்பது என் கருத்து. அவர் முதல் நாள் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு இருக்கைகளுக்குப் பின்புறம் போய் நிற்க வேண்டும். இந்தக் காரின் இன்ஜின், எண்ணெயும் கூலண்டும் குறையாமல் பார்த்துக்கொண்டால், பெரும்பாலும் ஆளைக் கைவிடுவதில்லை. தண்ணீர் வெளியேறும் வழி அடைபட்டு, கதவுக்குக் கீழுள்ள சட்டம் உள்ளிருந்தே துருப்பிடித்துப் போவதால்தான் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள் கூடப் பழைய இரும்புக்குப் போகின்றன.

கையில் இருப்பது எந்தத் தலைமுறை என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமாகி, பிரிட்டனில் 1990 முதல் விற்கப்பட்டது முதல் தலைமுறை. அதன் முகவிளக்குகள் மேலெழும்பும், பின்கண்ணாடி ஜிப் வைத்த பிளாஸ்டிக் தாளாக இருக்கும். 1998 முதல் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறையில் விளக்குகள் நிலையானவை, பின்கண்ணாடியும் உண்மையான கண்ணாடி. பின்பக்கத்தில் யூனோஸ் என்ற பெயர் இருந்தால், அது ஜப்பானில் விற்கப்பட்டுப் பின்னர் கப்பலில் வந்த வண்டி. வேகமானி மைலுக்கு மாற்றப்பட்டிருக்கிறதா என்பதையும், பிரிட்டனில் கட்டாயமான பின்புற மூடுபனி விளக்கு பொருத்தப்பட்டு எரிகிறதா என்பதையும் பாருங்கள். அதன் பிறகு வந்த தலைமுறைகளின் அமைப்பு வேறு; இங்கே நான் சொல்வதெல்லாம் முதல் இரண்டைப் பற்றியது.

கூரையைத் திறந்து மூடப் பழகுவது எளிது என்று நினைப்பவர்கள்தான் அதைக் கிழிக்கிறார்கள். முதல் தலைமுறை வண்டியில், காற்றுக்கண்ணாடிச் சட்டத்தில் இருக்கும் இரண்டு கொக்கிகளையும் விடுவிப்பதற்கு முன்பே, பின்னாலுள்ள பிளாஸ்டிக் சன்னலின் ஜிப்பை முழுவதும் திறந்து, அதைத் தட்டையாகக் கீழே படுக்கவைத்துவிட வேண்டும். அதன் மேல் ஒரு மெல்லிய துண்டை விரித்துவிட்டுக் கூரையை மடக்கினால் கீறலும் விழாது. ஜிப்பைத் திறக்காமலே மடக்கவும் முடியும். ஒவ்வொரு முறையும் பிளாஸ்டிக் ஒரே இடத்தில் மடிந்து, சில மாதங்களில் அந்த மடிப்பு வெள்ளைக் கோடாகி, பிறகு விரிசலாகும். குளிர்காலத்தில் பிளாஸ்டிக் விறைத்துப்போவதால் அந்தச் சில மாதங்கள் கூடத் தேவையில்லை. வாங்கிய முதல் டிசம்பரில், வெயில் அடித்ததே என்ற ஒரே காரணத்துக்காக, உறைபனி விழுந்திருந்த ஒரு காலையில் நான் கூரையைத் திறந்தேன். சன்னல் அப்பளம் நொறுங்கும் சத்தத்தோடு இரண்டாயிற்று. கதவுக் கண்ணாடிகளைச் சற்றே இறக்கிவிட்டுக் கூரையைக் கையாளுவதும், மூடும்போது நடுவில் அழுத்தாமல் முன்விளிம்பைச் சீராகப் பிடித்து இழுப்பதும் பழக்கமாக வேண்டும். ஈரமான கூரையை மடக்கி வைக்காதீர்கள். இரண்டு நாளில் பூசணம் பிடிக்கும். தானியங்கிக் கார் கழுவும் நிலையத்துக்குள் இந்த வண்டியைக் கொண்டுபோவதையும் மறந்துவிடுங்கள். மென்மையான தூரிகையும் வாளித் தண்ணீரும் போதும்.

இனி அந்தச் சொம்பு. கூரைத்துணியின் அடிவிளிம்பு உடம்போடு சேரும் இடத்தில், இருக்கைகளின் பின்புறத்தைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் வாய்க்கால் ஓடுகிறது. பின்கண்ணாடி மீது விழும் மழையெல்லாம் இதற்குள் இறங்கி, இருபுறமும் சீட் பெல்ட் பொருத்தப்பட்ட தூண்களுக்குப் பின்னுள்ள மூலைகளுக்கு ஓடி, அங்கிருந்து இரண்டு குழாய்கள் வழியாகப் பின்சக்கரங்களுக்குச் சற்று முன்னால் தரையில் விழும்படி இதை அமைத்திருக்கிறார்கள். கூரையைப் பாதி மடக்கி, கொக்கிகள் தொங்கும் நிலையில் துணியின் ஓரத்தை மெல்லத் தூக்கினால், மூலையில் அந்தத் துளையைக் காணலாம். காணாவிட்டால் விரலால் தடவியாவது கண்டுபிடிக்கலாம். அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை ஊற்றிவிட்டு, வண்டிக்குக் கீழே குனிந்து பாருங்கள். ஊற்றிய வேகத்திலேயே தண்ணீர் விழுந்தால் அந்தப் பக்கத்துக்குக் கவலையில்லை. சொட்டுச் சொட்டாக வந்தாலோ, வராமல் மேலேயே தேங்கினாலோ, இலைச்சருகும் மண்ணும் சேர்ந்து சேறாகி உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.

அடைப்பை எடுக்க இரும்புக் கம்பியைத் தேடாதீர்கள். குழாய் மென்மையானது, கம்பி அதைத் துளைத்துவிட்டால், அதன் பிறகு வரும் ஒவ்வொரு மழையும் நேராக வண்டியின் உட்கூட்டுக்குள் இறங்கும், நீங்களோ அடைப்பை எடுத்துவிட்டதாக நிம்மதியாக இருப்பீர்கள். புல்வெட்டும் கருவிக்குப் பயன்படும் தடித்த நைலான் இழையின் நுனியைத் தீயில் காட்டி மழுக்கிக்கொண்டு, திருகியபடி மெதுவாக உள்ளே விட்டு எடுப்பதே பாதுகாப்பானது. கீழ்முனையிலிருந்தும் அதேபோல் செய்யலாம். சேறு கரைந்து கறுப்பாக வெளியே வரும்வரை இளஞ்சூட்டுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். மரத்தடியில் நிறுத்தும் வண்டிக்கு இதை ஆண்டுக்கு இரண்டு முறை செய்ய வேண்டும். இலையுதிர்காலம் முடிந்ததும் ஒரு முறை கட்டாயம்.

முந்தைய உரிமையாளர் இதைச் செய்துவந்தாரா என்பதைக் கதவுக்குக் கீழுள்ள சட்டமே சொல்லும். குழாய் அடைபட்டுத் தேங்கும் தண்ணீர் வழிந்து அந்தச் சட்டத்துக்குள் இறங்குகிறது. அதன் அடியிலுள்ள சிறு வடிதுளைகளும் அடிப்பூச்சாலோ சேற்றாலோ மூடியிருந்தால், இரும்பு மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறுகிறது. ஆகவே பின்சக்கரத்துக்கு முன்னால், சட்டத்தின் கடைசிச் சாண் அளவைத்தான் நன்றாகப் பார்க்க வேண்டும். பெயின்ட் கொப்புளமாக எழும்பியிருந்தால், வெளியே தெரிவது சிறிது, உள்ளே போனது பெரிது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்குரூடிரைவரின் பிடியால் தட்டிப் பார்த்தால் நல்ல இரும்பு கணீரென்றும், உளுத்துப்போனதோ புட்டி அடைத்ததோ மந்தமாகவும் ஒலிக்கும். அந்த இடத்தில் மட்டும் புத்தம்புதிதாகக் கறுப்பு அடிப்பூச்சு பூசியிருந்தால் நான் சந்தேகப்படுவேன். இரண்டாம் தலைமுறையில் இதோடு முன்பக்கம் இன்ஜினுக்கு இருபுறமும் நீளவாக்கில் ஓடும் அடிச்சட்டங்களும் துருப்பிடிக்கும் என்பதால், வண்டியை உயர்த்தி அவற்றையும் தட்டிப் பார்ப்பது அவசியம்.

பிரிட்டனில் இதற்கு இன்னொரு நல்ல சாட்சி உண்டு. ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி என்ற வாகனத் தகுதிச் சோதனையின் பழைய முடிவுகளை, வண்டி எண்ணைக் கொடுத்து அரசு இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம். சட்டத்தில் லேசான துரு என்று ஒரு ஆண்டு எச்சரிக்கைக் குறிப்பு எழுதப்பட்டு, அடுத்த ஆண்டு அந்தக் குறிப்பே காணாமல் போயிருந்தால், நடுவில் வெல்டிங் நடந்ததா, பூச்சு நடந்ததா என்று விற்றவரிடம் கேளுங்கள். வெல்டிங் என்றால் ரசீது இருக்கும். சீட் பெல்ட், சஸ்பென்ஷன் போன்றவை பொருத்தப்பட்ட இடங்களிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் இரும்பின் வலுவைக் கெடுக்கும் துரு இருந்தால் சோதனையில் தேறாது. பின்சக்கரத்தை ஒட்டிய சட்டப்பகுதி இதில் எளிதாக மாட்டிக்கொள்ளும்.

தண்ணீர் டிக்கிக்குள்ளும் வரும். மூன்றாவது பிரேக் விளக்கின் ரப்பர் காய்ந்துபோனால் அதன் வழியே கசிந்து, உதிரிச் சக்கரத்துக்கு அடியில் குளமாகத் தேங்கும். விரிப்பைத் தூக்கி அங்கே கையை வைத்துப் பார்த்துவிட்டு, வலப்புற மூலையில் இருக்கும் பேட்டரியையும் பாருங்கள். இந்த வண்டியில் பேட்டரி டிக்கிக்குள் இருப்பதால், அதிலிருந்து எழும் வாயுவை மெல்லிய குழாய்கள் வழியே வெளியே கொண்டுபோகும் வகையைத்தான் பொருத்த வேண்டும். விலை மலிவு என்று யாரோ சாதாரண பேட்டரியைப் போட்டிருந்தால், அமிலம் பட்டு அடித்தகடு வெந்திருக்கும். குழாய்கள் கழன்று கிடந்தால் அன்றே மாட்டிவிடுங்கள்.

இப்போது பானட்டைத் திறக்கலாம். விற்றவர் என்ன சொன்னாலும், ரசீது இல்லாத வேலையை நடக்காத வேலையாகவே எண்ணி, இன்ஜின் எண்ணெய், கியர்பாக்ஸ் எண்ணெய், பின் அச்சு எண்ணெய், பிரேக் திரவம், கூலண்ட் அனைத்தையும் மாற்றிவிடுவது நல்லது. டைமிங் பெல்ட்டை 60,000 மைலுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். தண்ணீர் பம்ப்பை அடைய அதே பகுதியைத்தான் பிரிக்க வேண்டும் என்பதால் இரண்டையும் சேர்த்தே முடித்துவிடலாம். முதல் தலைமுறையின் 1.6, 1.8 லிட்டர் இன்ஜின்களில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்வதில்லை. ஆனால் மழையில் நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்பதற்கு அது ஒன்றும் ஆறுதல் இல்லை. ரேடியேட்டரின் மேற்பகுதி பிளாஸ்டிக். கறுப்பாக இருக்க வேண்டிய அது பழுப்பேறியிருந்தால், வெடிப்பதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜினில் கேட்கும் டிக்டிக் ஒலி, முதல் தலைமுறையில், வால்வுகளைத் தள்ளும், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் டாப்பெட்டுகளுடையது. நல்ல எண்ணெய் ஊற்றிச் சில நூறு மைல் ஓட்டினால் பெரும்பாலும் குறையும். சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில் எண்ணெய் வழிந்திருந்தால், அங்கிருக்கும் சென்சாரின் ரப்பர் வளையம் கடினமாகிவிட்டது என்று பொருள். வளையம் சில்லறை விலை, கைதான் உள்ளே போகாது.

1991 வரையிலான ஆரம்பகால 1.6 இன்ஜின்களில் மட்டும் ஒரு கூடுதல் சோதனை தேவை. கிராங்க் தண்டின் முன்முனை அவற்றில் குட்டையானது. அங்கே புல்லியைத் தண்டோடு பிணைக்கும் சாவித்தகடு தேய்ந்தால் புல்லி ஆடத் தொடங்கி, கடைசியில் தண்டையே பாழாக்கும். இன்ஜின் ஓடும்போது எட்ட நின்று, முன் புல்லி நேராகச் சுழல்கிறதா, தள்ளாடுகிறதா என்று பாருங்கள். தள்ளாடினால் அந்த வண்டியை ஓட்டாமல் நிறுத்தி, இந்த இன்ஜினை அறிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கிளட்ச் மிதி திடீரென்று தரையோடு போய்விட்டால் பதற வேண்டாம்; கியர்பாக்ஸின் பக்கவாட்டில் உள்ள சிறிய சிலிண்டர் கசிவது இந்த வண்டியின் பழைய வழக்கம். வாரம் ஒரு முறை திரவ அளவைப் பார்த்துவந்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும். குளிர்ந்த நிலையில் இரண்டாம் கியர் முரண்டு பிடிப்பதும் இயல்புதான். இரண்டு மூன்று மைல் ஓடிய பிறகு இளகும், அதுவரை வற்புறுத்தாதீர்கள். ஆனால் கியர் கம்பியைச் சுற்றி வெப்பமும் இரைச்சலும் மேலே வந்தால், தோலுறைக்கு அடியிலுள்ள ரப்பர் மூடி கிழிந்திருக்கிறது.

டயர் விஷயத்தில் இந்த வண்டி வைத்திருப்போர் பலர் ஏமாறுகிறார்கள். ஆண்டுக்கு ஆயிரம் இரண்டாயிரம் மைல் மட்டுமே ஓடும் வண்டியில் டயர் தேய்வதே இல்லை. பட்டை நன்றாக இருக்கும், ரப்பரோ பத்து வயதாகிக் கட்டையாகியிருக்கும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள்: 2314 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. மற்ற கார்களுக்குப் போலக் காற்றை 32 பிஎஸ்ஐ அடிக்காமல் 26 அடியுங்கள். இவ்வளவு இலேசான வண்டிக்கு நிறுவனம் சொன்ன அளவு அதுதான், அதிகம் வைத்தால் வண்டி சாலையின் மேல் துள்ளும். நான்கு சக்கரங்களிலும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன் இருப்பதால், சக்கர நேர்சீரமைப்பைக் கவனமாகச் செய்துகொடுக்கும் கடையில் ஒரு முறை செலவழிப்பது, விலையுயர்ந்த சக்கரங்கள் வாங்குவதை விடப் பயன் தரும். ஜாக்கி வைக்கும்போது, கியர்பாக்ஸையும் பின் அச்சையும் இணைக்கும் அலுமினியச் சட்டத்தில் எந்தக் காரணத்துக்காகவும் முட்டுக் கொடுக்காதீர்கள், வளைந்துவிடும்.

நீண்ட நேரம் நின்ற வண்டியில் பின் பிரேக்குகள் பிடித்துக்கொள்வது சாதாரணம். பத்து மைல் ஓட்டிவிட்டு இறங்கி, சக்கரங்களுக்கு அருகே, தொடாமல், கையை நீட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அனல் வீசினால் அந்தப் பக்கக் காலிப்பர், அதாவது பிரேக் கட்டைகளை அழுத்தும் பிடி, இறுகியிருக்கிறது. முதல் தலைமுறையின் முகவிளக்கு ஒன்று எழும்ப மறுத்தால், பானட்டுக்குள் அதன் மோட்டார் மேல் ரப்பர் மூடிக்குக் கீழே ஒரு திருகு உண்டு. கையால் திருப்பி உயர்த்திக்கொண்டு வீடு வந்து சேரலாம். பெட்ரோல் மூடியைத் திறக்கும் நெம்புகோல் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவிலுள்ள பெட்டிக்குள் இருப்பதை, நிரப்பும் நிலையத்தில் வரிசை நிற்கும்போது அல்லாமல், வீட்டு வாசலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

ஓட்டும் முறையில் முக்கியமானது ஒன்றுதான். பின்சக்கரங்கள் இழுக்கும் இந்த வண்டியின் முதல் தலைமுறையில் சறுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கட்டுப்பாடு கிடையாது. ஈரமான ரவுண்டானாவில் வேகமாகத் திரும்பும்போது பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால், பின்புறம் வெளியே வீசும். வேகத்தைத் திருப்பத்துக்கு முன்பே குறைத்துவிட்டு, திருப்பத்துக்குள் காலைச் சீராக வைத்திருக்கப் பழகுங்கள். லாரிக்குப் பக்கத்தில் போகும்போது ஓட்டுநரின் கண்ணாடியில் நீங்கள் தெரிவதே இல்லை என்று வைத்துக்கொள்வதும் நல்லது.

இவ்வளவும் முடிந்து முதல் பெருமழை பெய்த மறுநாள், இருக்கைகளை முன்னுக்குத் தள்ளி, தரைவிரிப்பை உள்ளங்கையால் நான்கு இடங்களில் அழுத்திப் பாருங்கள். இருக்கைக்குப் பின்னால் ஈரமென்றால் வடிகுழாயோ கூரையின் அடிவிளிம்போ காரணம். கதவோரம் ஈரமென்றால் சன்னல் ரப்பர். அதற்குச் சிலிக்கான் கிரீஸ் தடவிப் பார்த்துவிட்டுத்தான் புதியது வாங்க வேண்டும். கால்வைக்கும் இடத்தில் ஈரத்தோடு இனிப்பான வாசனையும் வந்தால் அது மழையே அல்ல, ஹீட்டரிலிருந்து கசியும் கூலண்ட். அன்றைக்கு வண்டியை எடுக்காமல், ரேடியேட்டரில் அளவு குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.